மரமாக இருந்த கல், கல்லில் வாழும் பல்லி

மண்டகப்பட்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைந்தெடுத்த குகைக்கோயிலின் கல்வெட்டு, எவையெல்லாம் இல்லாமல் அக்கோயில் உருவானது என்பதைப் பெருமையோடு சொல்கிறது. செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுதை இல்லை. இவை எதுவும் இல்லாமலே பிரமன், சிவன், திருமால் மூவருக்கும் விசித்திரசித்தன் என்ற பட்டப்பெயர் கொண்ட அம்மன்னன் இந்த இடத்தை ஆக்கினான் என்பது அதன் சாரம். காலம் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கம். விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் வழியில் இருக்கும் இந்தச் சிறு குன்றைப் பார்க்கப் பெரும்பாலும் சிற்பம், வரலாறு படிப்பவர்கள்தான் வருகிறார்கள். உயிரியல் படிப்பவர்களும் வர வேண்டிய இடம் இது. பரிணாமம் எப்படி நடக்கிறது என்பதைப் பற்றி அறிவியலாளர்கள் நூறாண்டுக்கு மேலாக நடத்திவரும் வாதங்களில் இரண்டுக்கான சான்றுகள் இந்த வட்டாரத்தின் மண்ணிலும் பாறையிலும் இருக்கின்றன.

மன்னன் மரத்தை ஒதுக்கிக் கல்லை எடுத்துக்கொண்டான். அதே விழுப்புரம் மாவட்டத்தின் கிழக்கில் மரமே கல்லாகிக் கிடக்கிறது. செஞ்சி மலைகளில் பிறக்கும் சங்கராபரணி, வராகநதி என்றும் செஞ்சியாறு என்றும் பெயர் பெற்று, வீடூர் அணையைக் கடந்து, வக்கிரகாளியம்மன் கோயில் இருக்கும் திருவக்கரையைத் தொட்டுக்கொண்டு புதுச்சேரிப் பக்கம் கடலுக்குப் போகிறது. அந்தத் திருவக்கரையில் சிவந்த மணற்கல் மேட்டில் பெரிய பெரிய அடிமரங்கள் சாய்ந்து கிடக்கின்றன. நார் ஓடியிருப்பது தெரிகிறது. தட்டினால் கல்லின் ஓசை. அம்மன் வதைத்த அசுரனின் எலும்புகள் என்று ஊரில் கதை உண்டு. பிரெஞ்சு இயற்கையியலாளர் சொனேரா 1781இல் இவற்றைப் பற்றிக் குறிப்பெழுதினார். இன்று இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் பாதுகாப்பில் தேசியக் கல்மரப் பூங்காவாக இருக்கிறது. மரங்களின் வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள்.

இவற்றில் வேர் இல்லை, கிளை இல்லை, இலை இல்லை. நின்ற இடத்தில் புதைந்த காடாக இருந்தால் அவையும் கூடவே கிடைத்திருக்கும். எங்கோ மேட்டில் விழுந்த மரங்களைப் பழைய ஆறு ஒன்று உருட்டிக் கொண்டுவந்து மணலில் புதைத்திருக்கிறது. காற்றுப் புகாத மணலுக்குள் மரம் மக்குவது தாமதமானது. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் புகுந்து படிந்து இறுகியது. மரத்தின் பொருள் போய்விட்டது, அமைப்பு மட்டும் அப்படியே நின்றுவிட்டது. அதனால் கல்லைச் சீவலாக அறுத்து, ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால் நீர் கடத்திய குழாய்கள், குறுக்கே ஓடும் கதிர்கள், பிசின் ஓடிய நாளங்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரிகின்றன. இந்தியத் தொல்தாவரவியலை நிலைநிறுத்திய பீர்பால் சாஹ்னி இந்தப் பகுதியின் கூம்புத்தாவரக் கட்டையை 1931இல் வகைப்படுத்தினார். 1950களில் சி. ஜி. கே. ராமானுஜம் அன்றைய தென்னார்க்காட்டுக் கல்மரங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார்.

அவர்கள் கண்டது என்ன? குங்கிலியக் குடும்பத்து மரங்கள், புளியும் கொன்றையும் சேர்ந்த குடும்பத்து மரங்கள், மாவும் முந்திரியும் சேர்ந்த குடும்பத்து மரங்கள். எல்லாம் நமக்குத் தெரிந்த குடும்பங்கள்தாம். குங்கிலியக் கட்டையை வெட்டினால் பிசின் நாளங்கள் எந்த ஒழுங்கில் அமைந்திருக்குமோ, கிட்டத்தட்ட அதே ஒழுங்கு 2 கோடி ஆண்டுப் பழைய கல்லிலும் இருக்கிறது.

இங்கேதான் கூர்மையான மாணவர் ஒருவர் கையை உயர்த்துவார். பரிணாமம் என்றால் மாற்றம் என்று படித்தோமே, 2 கோடி ஆண்டுகளில் இந்த மரக்கட்டை ஏன் மாறவில்லை?

நல்ல கேள்வி. டார்வினையே உறுத்திய கேள்வியின் மறுபக்கம் இது. 1859இல் வெளிவந்த தம் நூலில் அவர் மாற்றம் மிக மெதுவாக, சிறுகச் சிறுகச் சேர்கிறது என்று வாதிட்டார். அப்படியானால் பாறை அடுக்குகளில் இடைநிலை உருவங்கள் வரிசையாகக் கிடைக்க வேண்டும். கிடைப்பதோ அங்கொன்றும் இங்கொன்றும். புதைபடிவப் பதிவே குறையுடையது, பெரும்பாலான உயிர்கள் தடயமின்றி அழிகின்றன என்று அவர் விளக்கினார். அந்த விளக்கம் சரிதான். ஆனால் 1972இல் நைல்ஸ் எல்ட்ரெட்ஜ், ஸ்டீபன் ஜே கூல்ட் என்ற இரு அமெரிக்கத் தொல்லுயிரியலாளர்கள் அது மட்டும் போதாது என்றார்கள். அடுக்குகள் நன்றாகத் தொடர்ந்து கிடைக்கும் இடங்களிலும் ஓர் உயிரினம் லட்சக்கணக்கான ஆண்டுகள் அதே உருவில் நிற்கிறது. பிறகு, நிலவியல் கணக்கில் குறுகிய காலத்துக்குள், புதிய இனம் தோன்றுகிறது. நெடிய தேக்கமும் இடையிடையே விரைந்த கிளைப்பும்தான் வழக்கம் என்பது அவர்கள் வாதம். ஜான் மேனார்ட் ஸ்மித் போன்ற மரபியலாளர்கள் எதிர்த்தார்கள். நிலவியலாளருக்குக் குறுகிய காலமான 50,000 ஆண்டுகள் மரபியலாளருக்கு ஆயிரக்கணக்கான தலைமுறைகள், அதற்குள் மெதுவான மாற்றம் தாராளமாக நடந்துவிடும் என்பது அவர்கள் பதில். வாதம் பல ஆண்டுகள் சூடாக நடந்தது. முடிவில் ஒன்று நிலைத்தது: தேக்கம் என்பது உண்மையாகவே நிகழ்வது, அதற்கும் விளக்கம் தேவை.

எனக்குப் பிடித்த விளக்கம் கலாபகோஸ் தீவுகளிலிருந்து வருகிறது. பீட்டர் கிராண்டும் ரோஸ்மேரி கிராண்டும் டாஃப்னி மேஜர் என்ற சிறு தீவில் ஃபிஞ்ச் குருவிகளை ஆண்டுக்கணக்காக அளந்தார்கள். 1977இல் கடும் வறட்சி வந்தது. சிறு விதைகள் தீர்ந்துபோய், கடினமான பெரிய விதைகளே மிஞ்சின. பெரிய அலகுள்ள குருவிகள் பிழைத்தன. அடுத்த தலைமுறையின் சராசரி அலகு கண்கூடாகப் பெரிதானது. 1983இல் பெருமழை கொட்டியது, சிறு விதைகள் பெருகின, தேர்வு எதிர்த்திசையில் இழுத்தது. இயற்கைத் தேர்வு ஒவ்வோர் ஆண்டும் வேலை செய்கிறது, ஆனால் ஓராண்டு செய்ததை இன்னோர் ஆண்டு அழிக்கிறது. லட்சம் ஆண்டு கழித்து எலும்பை மட்டும் பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்காதது போலத் தெரியும்.

திருவக்கரைக்கு வேறொரு விளக்கமும் பொருந்துகிறது, அது இன்னும் எளியது. சூழல் மாறும்போது உயிரினம் தான் மாறத்தான் வேண்டும் என்பதில்லை. தனக்கு ஒத்த சூழலைத் தேடி இடம் பெயரலாம். தனிமரம் நடக்காது, விதை நடக்கும். மழைக்காடு சுருங்கினால் விதை பிழைக்கும் எல்லையும் சுருங்கிச் சுருங்கி நகரும். இன்று செஞ்சி வட்டாரம் முட்புதரும் வறள் பசுமைக் காடும் உள்ள பூமி. 2 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே ஈரமான காடு இருந்தது என்பதற்கு அந்தக் கல்மரங்களே சாட்சி. பின்னர் வறண்ட மாதங்கள் நீண்டன. குங்கிலியக் குடும்பத்தின் மழை விரும்பும் உறவினர்கள் இன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் மேலைச் சரிவிலும், இலங்கையின் சிங்கராஜா காட்டிலும், அதற்கும் அப்பால் போர்னியோவிலும் இருக்கிறார்கள். சாஹ்னி ஆராய்ந்த கூம்புத்தாவரக் கட்டை பொடோகார்ப் குடும்பத்தை ஒத்தது. தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே கூம்புத்தாவரமும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. அதைப் பார்க்க இன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டுக்குப் போக வேண்டும்.

எல்லா மரமும் பெயர்ந்துவிடவில்லை. குங்கிலியக் குடும்பத்து ஷோரியா பேரினத்தின் சில சிற்றினங்கள் கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் வறண்ட காட்டில் இன்றும் நிற்கின்றன, அவை வறட்சியைத் தாங்கும் உடல் பெற்றுவிட்டன. ஒரே குடும்பத்தில் சில பெயர்ந்தன, சில மாறின, சில அழிந்தன. எது எந்த வழியில் போகும் என்பதை முன்கூட்டிச் சொல்லும் விதி ஏதாவது உண்டா என்பதில்தான் இன்றைய ஆய்வாளர்கள் பிரிகிறார்கள்.

ஓர் எச்சரிக்கையும் இங்கே தேவை. கல்மரம் வெறும் கட்டை. பூவும் காயும் விதையும் போய்விட்டன. தாவரங்களைப் பிரித்தறிய உதவுவது பெரும்பாலும் பூதான். அதனால் தொல்தாவரவியலாளர்கள் இந்தக் கட்டைகளுக்கு உயிருள்ள மரத்தின் பெயரை வைப்பதில்லை, டிப்டெரோகார்பாக்சிலான் என்பது போலக் கட்டைக்கு மட்டுமான பெயரை வைக்கிறார்கள். கட்டை மாறவில்லை என்பதால் மரம் மாறவில்லை என்று சொல்லிவிட முடியாது. நீரைக் கடத்தும் குழாயின் அமைப்பை மாற்றினால் மரம் சாகலாம், அதனால் தேர்வு அதைக் கட்டிக் காத்திருக்கும். பூவின் நிறமோ, விதையின் சிறகோ, பூச்சியை விரட்டும் வேதிப்பொருளோ அதே காலத்தில் எவ்வளவோ மாறியிருக்கலாம்.

குங்கிலியக் குடும்பம் எங்கே பிறந்தது என்பதிலும் நீண்ட வாதம் உண்டு. தென்கிழக்காசியாவில் அதன் சிற்றினங்கள் நூற்றுக்கணக்கில் இருப்பதால் அதுவே தாயகம் என்று தோன்றும். ஆனால் நெருங்கிய உறவுக் குடும்பம் ஒன்று மடகாஸ்கரில் மட்டும் இருக்கிறது. குஜராத்தின் வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த, சுமார் 5 கோடி ஆண்டுப் பழைய அம்பர், இந்தக் குடும்பத்து மரங்களின் பிசின் என்று 2010இல் காட்டினார்கள். 2022இல் வெளிவந்த மகரந்த ஆய்வு, குடும்பம் ஆப்பிரிக்காவில் தோன்றி, வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த இந்திய நிலத்துக்கு வந்து, இந்தியா ஆசியாவோடு இணைந்த பின் கிழக்கே பரவியது என்கிறது. திருவக்கரையின் மரங்கள் அந்த நெடும்பயணத்தின் பிற்காலத்தவை.

இனி பாறைக்கு வருவோம். செஞ்சிக் கோட்டையைத் தாங்கும் மலைகள் சுமார் 250 கோடி ஆண்டுப் பழைய கருங்கல். உருண்டைப் பாறைகளை யாரோ அடுக்கி வைத்தது போன்ற இந்தக் குன்றுகள் விழுப்புரம், திருவண்ணாமலை, வேலூர், சேலம் என்று சமவெளியெங்கும் தனித்தனியே எழுந்து நிற்கின்றன. வெயிலில் கொதிக்கும் வயல்வெளிக்கு நடுவே பாறை இடுக்கு மட்டும் குளிர்ச்சியாக, ஈரமாக இருக்கும். பாறையை விட்டு இறங்கினால் பிழைக்க முடியாத சிறு பல்லிக்கு ஒவ்வொரு குன்றும் ஒரு தீவு. மரங்களைப் போல அது பெயரவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தது, சுற்றியுள்ள நிலம்தான் மாறியது.

கிழக்குத் தொடர்ச்சி மலைப் பாறைகளில் வாழும் பொன் பல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். காஞ்சிபுரம் வரதராசர் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டுவிட்டு வரும் நம்மில் பலருக்கு, பொன்னிறத்தில் உயிருள்ள பல்லி ஒன்று இருப்பது தெரியாது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பல்லி பளிச்சென்று மஞ்சளாகிறது. பாறைக் கூரையில் பல பெண் பல்லிகள் ஒரே இடத்தில் முட்டைகளை ஒட்டி வைக்கின்றன. இயற்கையியலாளர் பெடோம் 1870இல் விவரித்த பின் நூறாண்டுக்கு மேல் அறிவியலின் கண்ணில் படாமல் இருந்து, 1980களில் ஆந்திரத்தில் மீண்டும் கிடைத்தது. இந்தப் பேரினத்தில் மொத்தம் இரண்டே சிற்றினங்கள். மற்றொன்று இலங்கையின் வறண்ட பகுதிப் பாறைகளில் வாழ்கிறது. 1953இல் இலங்கை விலங்கியலாளர் தெரணியகல அதற்குப் பெயரிட்டார். இடையில் கடல். பனியுகங்களில் கடல் மட்டம் 100 மீட்டருக்கு மேல் தாழ்ந்தபோது ஆழமில்லாத பாக் நீரிணை பலமுறை நிலமாக இருந்தது. ஆனால் வழி திறந்தால் மட்டும் போதாது, வழியில் பாறையும் வேண்டும். இரண்டும் பிரிந்தே இருந்தன, ஆயினும் உருவில் நெருங்கியே இருக்கின்றன. ஒரே வகைப் பாறை, ஒரே வகை இரவு வேட்டை, ஆகவே தேர்வு ஒரே வகை உடலைத்தான் காத்திருக்கிறது.

சேலம் மாவட்டத்துச் சங்ககிரி, செஞ்சியைப் போலவே கோட்டை தாங்கிய பாறைக்குன்று. அங்கே கிடைத்த பல்லிகளில் இரண்டு, 2019இல் அறிவியலுக்குப் புதிய சிற்றினங்களாக விவரிக்கப்பட்டன. பார்வைக்கு அக்கம்பக்கத்து இனங்களோடு குழம்பக்கூடியவை. செதில்களை நுணுகி எண்ணியும், மரபணுவை ஒப்பிட்டும்தான் பிரிக்க முடிந்தது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தென்னிந்தியப் பாறைகளிலிருந்து இப்படிப் பல பல்லி இனங்கள் வெளிவந்துகொண்டே இருக்கின்றன. வெளியே மாறாத உடல், உள்ளே வெகுதூரம் விலகிய மரபணு. கல்மரம் எழுப்பிய கேள்வியை உயிருள்ள பல்லி இன்னும் ஆழமாக்குகிறது: உடல் நிற்கும்போது மரபணு எப்படி ஓடியது?

இந்தக் கேள்வியின் வரலாற்றில் இந்தியாவுக்கும் இடமுண்டு. ஆங்கில உயிரியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேன் 1957இல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்துக்குக் குடிபெயர்ந்தார். இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தார். அவர் இங்கே வந்த அதே ஆண்டில் வெளியான அவர் கட்டுரை ஒன்று இயற்கைத் தேர்வுக்கு விலை உண்டு என்று கணக்கிட்டது. ஒரு பழைய மரபணு வடிவத்தை நீக்கிப் புதியதை நிலைநிறுத்த, பழையதைத் தாங்கியவர்கள் வாரிசு குறைந்து மறைய வேண்டும். அந்த இழப்பை ஓர் இனம் தாங்க வேண்டுமானால் ஒரு மாற்றத்துக்கு ஏறத்தாழ 300 தலைமுறை ஆகும் என்றார். 1968இல் ஜப்பானின் மோட்டோ கிமுரா புரத மூலக்கூறுகளின் ஒப்பீட்டிலிருந்து ஒரு கணக்குப் போட்டார். பாலூட்டிகளின் முழு மரபுத்தொகுதியிலும் சுமார் 2 ஆண்டுக்கு ஒரு மாற்றம் நிலைபெறுவதாக அது சொன்னது. ஹால்டேன் கணக்கோடு இது ஒத்துப்போகவில்லை. எனவே மூலக்கூறு மட்டத்து மாற்றங்களில் பெரும்பாலானவை நன்மையும் இல்லாத, தீமையும் இல்லாத நடுநிலை மாற்றங்கள், தேர்வின் உதவியின்றித் தற்செயலாகப் பரவியவை என்று கிமுரா முடிவுகட்டினார்.

ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சுவடியைப் படியெடுப்பவர் தவறு செய்வார். பொருளைக் கெடுக்கும் தவறை அடுத்துப் படிப்பவர் கண்டு திருத்திவிடுவார். பொருள் கெடாத சின்ன எழுத்து வேறுபாடு யார் கண்ணிலும் படாமல் படிக்குப் படி தொடரும். செய்யுளின் பொருள் நூற்றாண்டுகளாக அப்படியே இருக்க, பாடபேதங்கள் மட்டும் குவிந்துகொண்டே போகும். எந்தச் சுவடி எதிலிருந்து எடுத்த படி என்பதைப் பதிப்பாசிரியர் கண்டுபிடிப்பது இந்தப் பேதங்களை வைத்துத்தான். சங்ககிரிப் பல்லியின் மூதாதை வழியை மரபணுவில் தேடுபவரும் அதையே செய்கிறார்.

கிமுராவின் கருத்தோடு வாதம் முடிந்துவிடவில்லை. அவருடைய சக ஆய்வாளர் டொமோகோ ஓட்டா 1973இல் அதைத் திருத்தினார். சிறிதே தீமையான மாற்றங்கள் பெரிய கூட்டத்தில் களையப்படும், சிறிய கூட்டத்தில் தப்பிவிடும் என்றார். ஒரு குன்றில் அடைபட்ட சில நூறு பல்லிகளை நினைத்தால் இதன் பொருள் புரியும். மரபணு மாற்றங்களில் எவ்வளவு தேர்வு, எவ்வளவு தற்செயல் என்பதில் இந்தப் பத்தாண்டிலும் ஆய்விதழ்களில் காரசாரமான கட்டுரைகள் வருகின்றன. எந்தப் பக்கம் நிற்பவரும் சங்ககிரிப் பல்லிக்கும் பிற பல்லிகளுக்கும் பொது மூதாதை உண்டு என்பதை மறுப்பதில்லை. அந்த மூதாதையை வைத்துத்தான் இருவருமே கணக்குப் போடுகிறார்கள்.

பரிணாமம் நடந்ததா என்பது வேறு, எப்படி நடந்தது என்பது வேறு. இந்த வேறுபாடு புரியாமல் போவதால் வரும் கேடு பெரிது. 2018 ஜனவரியில் அன்றைய மத்திய இணையமைச்சர் சத்யபால் சிங், டார்வின் கோட்பாடு தவறு, குரங்கு மனிதனாவதை நம் முன்னோர் யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை என்றார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து மறுப்பு வெளியிட்டன. 2023இல் தேசியக் கல்வி ஆராய்ச்சிக் குழுமம் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமத்தை எடுத்தபோது 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். பத்தாம் வகுப்போடு அறிவியலை விடும் பிள்ளைகள்தான் மிகுதி என்பதை நினைத்தால் அந்த எதிர்ப்பின் கவலை விளங்கும். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பாடநூலில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் தனிப் பாடமாகவே இருக்கிறது. செஞ்சியிலும் திருவக்கரைப் பக்கத்து வானூரிலும் அந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியருக்குப் படம் தேவையில்லை, பேருந்துக் கட்டணம் இருந்தால் போதும்.

ஆனால் சான்றுகள் நமக்காகக் காத்திருக்கும் என்று நம்ப இடமில்லை. திருவக்கரையைச் சுற்றிலும் கல்குவாரிகள். பூங்கா வேலிக்குள் மரங்கள் பத்திரம். வேலிக்கு வெளியே குன்றுகள் ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் லாரியில் போகின்றன. வீடு கட்ட மணலுக்கு மாற்று வேண்டும் என்பதை மறுக்க முடியாது. ஆயினும் குன்றைக் குத்தகைக்கு விடும்போது கனிம அளவு, நீர், தூசு, அதிர்வு ஆகியவற்றைப் பார்ப்பவர்கள், அந்தப் பாறை இடுக்கில் அந்தக் குன்றுக்கே உரிய பல்லி உண்டா என்பதையும் கட்டாயம் பார்க்க வேண்டும். அதற்குப் பெரிய செலவில்லை. மழைக்காலத்தில் சில இரவுகள் டார்ச்சோடு பாறைகளைச் சுற்றி வரும் ஆட்களும், மரபணு ஒப்பீட்டுக்கு வால் நுனித் துணுக்குகள் சிலவும் போதும். வெடி வைக்கும் முன் அதைச் செய்யும்படி, மாநிலச் சுற்றுச்சூழல் அனுமதி நடைமுறையிலேயே ஒரு வரியைச் சேர்க்கலாம்.